ட்ராஃப்ட் மட்டும் போதாது: டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் காட்டும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகுக்கு நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் முன்னைவிட இப்போது அதிக இடம் கிடைப்பது மகிழ்ச்சி. ஆனால் நலிந்த ஓர் அணி எழுந்து வந்ததைச் சொல்லும்போது மட்டும் எப்போதும் ஒரே விளக்கம்தான் வருகிறது. பல ஆண்டுகள் தோற்றார்கள், அதனால் ட்ராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) முன்வரிசை கிடைத்தது, இளம் நட்சத்திரங்கள் வந்தார்கள், அணி மீண்டது என்று முடித்துவிடுகிறார்கள். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் பற்றியும் இப்படித்தான் எழுதுகிறார்கள். அதை மறுத்து, கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பிஸ்டன்ஸ் 2023-24 சீசனில் 14 ஆட்டங்களில் வென்று 68-இல் தோற்றது. அடுத்த சீசனில் 44 வெற்றி, 38 தோல்வி. 82 ஆட்டங்கள் கொண்ட சீசன்களில், ஒரே ஆண்டு இடைவெளியில் வெற்றி எண்ணிக்கையை மூன்று மடங்காக்கிய முதல் அணி அதுதான். இதற்குத் தோல்விகள் தந்த ட்ராஃப்ட் இடங்களே காரணம் என்றால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். கேட் கனிங்ஹாம், ஜேடன் ஐவி, ஜேலன் டுரென், ஆசார் தாம்சன், ஐசையா ஸ்டூவர்ட் ஆகிய ஐவரும் 14 ஆட்டங்களில் மட்டும் வென்ற அந்த அணியிலேயே இருந்தவர்கள். தொடர்ந்து 28 ஆட்டங்கள் தோற்றபோதும் அவர்கள்தான் ஆடினார்கள். 2024 ட்ராஃப்டின் முதல் சுற்றில் புதிதாக வந்தவர் 18 வயது ரான் ஹாலண்ட் ஒருவர்தான். அவரும் மாற்று வீரராகத்தான் களமிறங்கினார். ஆக, 14-ஐ 44 ஆக்கியது வேறு ஏதோ ஒன்று.

முதலில் ட்ராஃப்ட் வரிசையை முடிவு செய்யும் லாட்டரியைப் பார்ப்போம். ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய வாசகர்களுக்கு இது சற்று வித்தியாசமாகத் தோன்றும். அங்கே மெகா ஏலத்துக்கு முன் எல்லா அணிகளும் பெரும்பாலும் கலைந்துவிடும். கடந்த மெகா ஏலத்தில் கடைசி இடத்து அணிக்கும் சாம்பியனுக்கும் ஒரே 120 கோடி ரூபாய் வரம்புதான். என்பிஏ-வில் கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளைஞர்களைப் பணம் கொடுத்து ஏலம் எடுக்க முடியாது. வரிசையில் தன் முறை வரும்போது ஓர் அணி ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த வரிசையின் தொடக்கத்தைக் குலுக்கல் தீர்மானிக்கிறது.

1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளில் நான்கை எடுப்பார்கள். மொத்தம் 1,001 சேர்க்கைகள் வரும். ஒன்றை ஒதுக்கிவிட்டு 1,000 சேர்க்கைகளை, பிளே ஆஃபுக்குள் நுழையாத 14 அணிகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். முன்பு கடைசி இடத்து அணிக்கு 250 சேர்க்கைகள் இருந்தன. ஃபிலடெல்ஃபியா வேண்டுமென்றே பலவீனமான அணியைக் களமிறக்கி, 2015-16-இல் 10 ஆட்டங்களில் மட்டும் வென்றது எல்லோருக்கும் உறுத்தியது. அதன்பின் விதியை மாற்றினார்கள். 2019 முதல் நடந்த குலுக்கல்களில் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 140 சேர்க்கைகள், அதாவது 14 சதவீத வாய்ப்பு. குலுக்கலும் முதல் நான்கு இடங்களுக்கு மட்டும்தான். மற்ற இடங்கள் தோல்வி வரிசைப்படி நிரம்பும். இதனால் லீகிலேயே மிக மோசமான அணி ஐந்தாம் இடத்துக்கு இறங்கும் வாய்ப்பு 47.9 சதவீதம். ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

டெட்ராய்ட்டுக்கு அதுதான் நடந்தது, அதுவும் இரண்டு முறை. 2022-23-இல் 17 வெற்றிகளோடு லீகில் கடைசி. பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட விக்டர் வெம்பன்யாமா வரவிருந்த அந்த ட்ராஃப்டில் கிடைத்தது ஐந்தாம் இடம். அடுத்த ஆண்டு 14 வெற்றிகளோடு மறுபடியும் கடைசி, மறுபடியும் ஐந்தாம் இடம். 2022-லும் ஐந்தாம் இடம்தான் கிடைத்திருந்தது. 2024-இல் முதலிடம் 3 சதவீத வாய்ப்பு மட்டுமே இருந்த அட்லாண்டாவுக்கும், 2025-இல் 1.8 சதவீத வாய்ப்பு இருந்த டாலஸுக்கும் போனது. 60 ஆட்டங்கள் தோற்று கடைசி மூவரில் ஒன்றானாலும் 68 ஆட்டங்கள் தோற்றாலும் முதலிடத்துக்கான வாய்ப்பு ஒன்றுதான் என்று ஆன பிறகு, கூடுதலாகத் தோற்கும் எட்டு ஆட்டங்களால் பெரிதாக எந்த லாபமும் இல்லை. நஷ்டமோ நிறைய. இருபது வயது ஆட்டக்காரர்கள் முழு வலிமையில்லாத அணியில் ஆடி, தவறான பழக்கங்களைக் கற்றுக்கொள்கிறார்கள்.

ட்ராஃப்டில் டெட்ராய்ட் செய்தது எல்லாமே தவறு என்று சொல்லவில்லை. கனிங்ஹாம் 2021-இல் முதல் இடத்தில் வந்தவர். அந்தத் தேர்வு மிகச் சரி. டுரென் வந்த விதம் எல்லோரும் கவனிக்க வேண்டியது. 2022 கோடையில் ஜெரமி கிராண்டை போர்ட்லாண்டுக்குக் கொடுத்து, மில்வாக்கியின் 2025 முதல் சுற்றுத் தேர்வை, அதாவது அந்த ட்ராஃப்டின் முதல் சுற்றில் மில்வாக்கியின் முறையில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்கினார்கள். அதை உடனே நியூயார்க்குக்குக் கொடுத்து, 13-ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட டுரெனையும், கூடவே நியூயார்க் கழற்றிவிட விரும்பிய கெம்பா வாக்கரின் சம்பளத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். வாக்கர் டெட்ராய்ட்டுக்காக ஆடவே இல்லை. அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் வரம்பில் மிச்சமிருந்த இடத்தை விலையாகக் கொடுத்து ஒரு சென்டரை (வளையத்தடியில் ஆடும் உயரமான ஆட்டக்காரரை) வாங்கினார்கள் என்பதுதான் இதன் பொருள். தோல்விக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. 2020-இல் ஸ்டூவர்ட்டைப் பெற்ற வர்த்தகத்தில், காப்பு நிபந்தனையோடு ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்துவிட்டார்கள். அணி மோசமாக இருக்கும்வரை அந்தத் தேர்வு கைமாறாது, ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போகும். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து, முதல் சுற்றில் கையில் ஒன்றுமே இல்லாத நிலைக்கு எந்த அணியும் போகக்கூடாது என்று லீகில் விதி இருக்கிறது. ஒரு தேர்வு எந்த ஆண்டில் போகும் என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தால், அதற்கு முன்பின் ஆண்டுகளின் தேர்வுகளையும் வர்த்தகத்தில் வைக்க முடியாது. பல ஆண்டுகள் டெட்ராய்ட்டின் கை இப்படிக் கட்டப்பட்டிருந்தது. நியூயார்க் வழியாக மினசோட்டாவுக்குப் போயிருந்த அந்தத் தேர்வு, 2025-இல் அணி பிளே ஆஃபுக்கு வந்த பிறகு 17-ஆம் இடத்தில்தான் கைமாறியது. வென்றதால்தான் கடன் தீர்ந்தது.

இனி களத்துக்கு வருகிறேன். 2023-24-இல் முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டில் வென்ற அணி, அக்டோபர் 30 முதல் டிசம்பர் 28 வரை ஒன்றில்கூட வெல்லவில்லை. ஏன்? கனிங்ஹாம் பந்தோடு மேலே நிற்கிறார். டுரென் வந்து ஸ்கிரீன் வைக்கிறார், அதாவது கனிங்ஹாமைக் காக்கும் தடுப்பாளரைத் தன் உடம்பால் மறித்துவிட்டு வளையத்தை நோக்கி ஓடுகிறார். பிக் அண்ட் ரோல் என்ற இந்த ஆட்டம் பலிக்க வேண்டுமானால், மற்ற மூவரைக் காக்கும் மூன்று எதிரணியினரும் அவரவர் ஆளோடு ஒட்டி நிற்க வேண்டிய கட்டாயம் இருக்க வேண்டும். கார்னரில், அதாவது களத்தின் மூலையில், மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 22 அடி, மேலே 23 அடி 9 அங்குலம். அங்கே நிற்பவர் எறிந்தால் விழும் என்ற பயம் இருந்தால் மட்டுமே தடுப்பாளர் அங்கே நிற்பார். தாம்சன் ரூக்கி ஆண்டில், அதாவது தன் முதல் சீசனில், மூன்று புள்ளி வீச்சில் 20 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. தொடக்க வாரங்களில் ஐவியை உட்காரவைத்துவிட்டு முதல் ஐவரில் ஆடவைத்த கிலியன் ஹேஸும் வெளியிலிருந்து எறிபவர் அல்ல. நான்காம் இடமான பவர் ஃபார்வர்டில் ஸ்டூவர்ட்; அவருடைய இயல்பான இடம் சென்டர். ஆக, எதிரணியின் மூன்று தடுப்பாளர்கள் ஆளுக்கொரு காலை பெயின்ட்டுக்குள் (வளையத்தடிப் பகுதிக்குள்) வைத்துக்கொண்டு நின்றார்கள். கனிங்ஹாம் உள்ளே புகுந்தால் மூன்று உடம்புகள். வெளியே பாஸ் செய்தால் எறியத் தயங்கும் கைகள். பந்து பறிபோகும், எதிரணி வேகமாக ஓடிப்போய் எளிதாகப் புள்ளி எடுக்கும். அதைத் தடுப்பாட்டத்தின் குறை என்று புள்ளிவிவரம் காட்டும். உண்மையில் அது தாக்குதலில் தொடங்கிய நோய்.

எறியக்கூடிய மூத்தவர்கள் அப்போதும் பட்டியலில் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பொயான் பொக்டனோவிச் காயத்தால் சீசனின் முதல் 19 ஆட்டங்களில் ஆடவில்லை. மாற்று பாயின்ட் கார்டாகக் கொண்டுவரப்பட்ட மான்டே மாரிஸும் காயத்தால் சில ஆட்டங்களோடு சரி. மூத்தவர்களை நம்பி அணி அமைப்பதில் அடிக்கடி தவறுவது இங்கேதான். ஒரு வேலைக்கு ஒருவரை மட்டும் வைத்தால் அவருடைய ஒரு தசைப்பிடிப்பு சீசனையே முடித்துவிடும். எறிபவர் என்றால் குறைந்தது மூவர் வேண்டும், அதிலும் ஒருவர் அநேகமாக எல்லா ஆட்டங்களிலும் ஆடும் உடல்வாகு கொண்டவராக இருக்க வேண்டும்.

2024 கோடையில் ட்ராஜன் லாங்டன் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார். ஆறு ஆண்டுக்கு 7 கோடியே 85 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் வந்திருந்த பயிற்சியாளர் மான்டி வில்லியம்ஸை ஒரே சீசனில் அனுப்பிவிட்டு, கிளீவ்லாண்டில் இருந்த ஜே.பி. பிக்கர்ஸ்டாஃபைக் கொண்டுவந்தார்கள். எறிதல் பயிற்சிக்கென்றே நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஃப்ரெட் வின்சனை எடுத்தார்கள். அந்தச் சீசனின் சம்பள வரம்பு ஏறக்குறைய 14 கோடியே 6 லட்சம் டாலர். அதில் குறைந்தது 90 சதவீதத்தை ஒவ்வோர் அணியும் சம்பளமாகக் கொடுத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் அதிகம் செலவழிக்கும் அணிகள் லீகுக்குக் கட்டும் வரிப் பணத்தில் கிடைக்கும் பங்கை இழக்க நேரிடும். எனவே "இளைஞர்களை மட்டும் வைத்துப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்" என்ற வாதத்துக்கு இடமே இல்லை. பணம் எப்படியும் போகும். யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு என்பது மட்டுமே கேள்வி.

டோபயஸ் ஹாரிஸுக்கு இரண்டு ஆண்டுக்கு 5 கோடியே 20 லட்சம் டாலர். அதிகம் என்று அப்போது பலர் சொன்னார்கள். தனியாகப் பார்த்தால் அதிகம்தான். ஆனால் அவர் நான்காம் இடத்துக்கு வந்ததும் ஸ்டூவர்ட் பெஞ்சுக்குப் போய் மாற்று சென்டரானார். ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு இடங்கள் சரியாகின. கார்னரில் நின்று எறிவார், சிறிய தடுப்பாளர் மாட்டினால் முதுகு காட்டி ஆடுவார், பெரிய ஃபார்வர்டுகளைக் காப்பார், தனக்கென்று ஆட்டம் வரையச் சொல்லிக் கேட்க மாட்டார்.

மாலிக் பீஸ்லிக்கு ஓராண்டு, 60 லட்சம் டாலர். 82 ஆட்டங்களிலும் ஆடினார். 319 மூன்று புள்ளி வீச்சுகளைப் போட்டார். லீகில் அவரைவிட ஒன்று அதிகமாகப் போட்டவர் அந்தோனி எட்வர்ட்ஸ் மட்டுமே. சம்பள வரம்பில் ஏறக்குறைய நான்கு சதவீதம்தான் இவருக்கான செலவு. இப்படிப்பட்டவர் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஏன் ஒப்புக்கொள்கிறார் என்றால், நலிந்த அணியில்தான் நிறைய நிமிடங்களும் நிறைய வீச்சுகளும் கிடைக்கும், அதைக் காட்டி அடுத்த ஆண்டு பெரிய ஒப்பந்தம் கேட்கலாம். நலிந்த அணியிடம் விற்க இருக்கும் முதல் சரக்கு களத்தில் நிற்கும் நேரம். அதைப் பயன்படுத்தத் தெரிந்த நிர்வாகிகள் குறைவு.

டிம் ஹார்டவே ஜூனியர் வந்தது இன்னும் நுட்பமானது. அவருடைய 1 கோடியே 62 லட்சம் டாலர் சம்பளத்தைக் குறைக்க டாலஸ் விரும்பியது. டெட்ராய்ட்டிடம் வரம்பில் இடம் இருந்தது. குவென்டின் க்ரைம்ஸைக் கொடுத்துவிட்டு ஹார்டவேயையும் மூன்று இரண்டாம் சுற்றுத் தேர்வுகளையும் வாங்கிக்கொண்டது. க்ரைம்ஸ் பின்னர் ஃபிலடெல்ஃபியாவில் நன்றாக ஆடினார். அந்த விலையையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஆனாலும் அன்றைய தேவைக்கு அது சரியான வர்த்தகம்.

இப்போது அந்தச் சீசனின் முதல் ஐவரைப் பாருங்கள். கனிங்ஹாம், ஹார்டவே, தாம்சன், ஹாரிஸ், டுரென். தாம்சனுக்கும் டுரெனுக்கும் வெளியிலிருந்து எறிதல் இல்லை. அப்படியானால் மற்ற மூவரும் எறிந்தே ஆக வேண்டும், மூவரும் எறிபவர்கள். ஓர் ஐவரில் எறியாதவர் ஒருவர் என்றால் எந்தத் தாக்குதலும் தாங்கும். இருவர் என்றால் அதில் ஒருவர் வளையத்தடியில் லாப் (உயரத் தூக்கிப் போடும் பாஸ்) பிடிக்கும் சென்டராக இருக்க வேண்டும், மற்றவர் பந்து இல்லாதபோது வளையத்தை நோக்கி வெட்டி ஓடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மூவர் என்றால் எந்தப் பயிற்சியாளராலும் ஒன்றும் செய்ய முடியாது. முந்தைய ஆண்டு டெட்ராய்ட் மூவரோடு ஆடியது. 2024-25-இல் இருவர், அதுவும் சரியான இருவர். தாம்சனின் திறமை அதே ஆண்டில் எல்லோர் கண்ணுக்கும் பட்டதற்கு இதுதான் காரணம். தன்னால் முடியாததைச் செய்யச் சொல்லி அவரை யாரும் கார்னரில் நிறுத்தவில்லை. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரைக் காப்பது, ஓட்டத்தில் முடிப்பது, வெட்டி ஓடுவது ஆகிய வேலைகளே அவருக்குக் கிடைத்தன. கனிங்ஹாம் ஆட்டத்துக்கு 26.1 புள்ளி, 9.1 அசிஸ்ட் சராசரியோடு ஆல் ஸ்டாராகவும், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆல் என்பிஏ பட்டியலின் மூன்றாம் அணியில் ஒருவராகவும் ஆனார். அவர் ஓர் ஆண்டில் வேறு ஆளாக மாறிவிடவில்லை. அவர் கொடுத்த பாஸ் வளையத்துக்குள் போகத் தொடங்கியது.

2025 ஜனவரி 1 அன்று ஐவியின் கால் எலும்பு முறிந்தது. கனிங்ஹாம் ஓய்வெடுக்கும் நிமிடங்களில் பந்தை நடத்த ஆளில்லை. பிப்ரவரியில், பல அணிகள் சேர்ந்த ஒரு பெரிய வர்த்தகத்தில் டென்னிஸ் ஷ்ரூடரைக் கொண்டுவந்தார்கள். சீசன் நடுவில்கூடச் சம்பள வரம்பில் இடம் மிச்சம் வைத்திருந்ததால்தான் அது எளிதாக முடிந்தது. ஜூலையிலேயே எல்லா இடத்தையும் செலவழித்துவிடும் அணிகள் இதைக் கவனிக்க வேண்டும். பிளே ஆஃபில் நியூயார்க்கிடம் ஆறு ஆட்டங்களில் தோற்றாலும், இரண்டாம் ஆட்டத்தில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வென்று, 2008-இல் தொடங்கிய தொடர்ச்சியான 15 பிளே ஆஃப் தோல்விகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

இந்த ஒப்பந்தங்களின் ஆண்டுக் கணக்கைத்தான் நம் செய்திகள் கவனிப்பதே இல்லை. முதல் சுற்றில் தேர்வாகும் ஆட்டக்காரரின் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முதல் இரண்டு உறுதி, மூன்றும் நான்கும் அணியின் விருப்பம். சம்பளம் முன்பே அட்டவணையிட்டது, ஒப்பீட்டில் மலிவு. மூன்றாம் ஆண்டு முடிந்ததும் நீட்டிப்பு பேசலாம். நட்சத்திரமாக இருந்தால் ஐந்தாம் ஆண்டிலிருந்து சம்பள வரம்பில் 25 சதவீதம், ஆல் என்பிஏ போன்ற கௌரவம் கிடைத்தால் 30 சதவீதம் வரை போகும். கனிங்ஹாமின் 22 கோடியே 40 லட்சம் டாலர் நீட்டிப்பு ஏறக்குறைய 26 கோடியே 90 லட்சமாக உயர்ந்தது அப்படித்தான். அது 2025-26-இல் தொடங்கியது. எனவே 2024 கோடைதான் அவர் மலிவாக இருந்த கடைசி ஆண்டுக்கான கோடை. அந்த ஓராண்டு இடைவெளியில்தான் ஹார்டவேயின் சம்பளமும் பீஸ்லியின் சம்பளமும் பொருந்தின, இரண்டுமே அந்த ஆண்டோடு முடிந்தன. ஹாரிஸின் ஒப்பந்தம் 2025-26-ஓடு முடிந்தது. டுரென், ஐவி இருவரின் ரூக்கி ஒப்பந்தங்களும் அதே சீசனோடு முடிபவை. இளைஞருக்குப் பெரிய சம்பளம் தொடங்கும் நாளில் மூத்தவரின் சம்பளம் கணக்கிலிருந்து இறங்க வேண்டும். இது ஒன்று தவறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் அணி சிக்கிக்கொள்ளும்.

அப்படிச் சிக்கிய அணியைத் தேடி வேறெங்கும் போக வேண்டாம். அதே டெட்ராய்ட் 2009 கோடையில் பென் கார்டன், சார்லி வில்லநுவேவா இருவருக்கும் தலா ஐந்தாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. இருவரும் புள்ளி எடுப்பவர்கள், இருவரும் தடுப்பாட்டத்தில் பலவீனமானவர்கள். கார்டன் ஆடும் இடத்தில் ஏற்கெனவே ரிச்சர்ட் ஹாமில்டன் இருந்தார். அந்தச் சீசனில் 27 வெற்றி. 2012-இல் கார்டனின் சம்பளத்திலிருந்து விடுபட, ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்து சார்லட்டுக்கு அனுப்பினார்கள். 2014-இல் அது முதல் எட்டு இடங்களுக்குக் காப்புள்ள தேர்வு, அதாவது முதல் எட்டுக்குள் வந்தால் டெட்ராய்ட்டிடமே இருக்கும். 2014 லாட்டரியில் டெட்ராய்ட் ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியது. அந்த ஒன்பதாம் இடம் சார்லட்டுக்குப் போயிற்று. 2009-இல் செய்த தவறுக்கு ஐந்தாண்டு கழித்து ஒரு ட்ராஃப்ட் இடம் விலையானது.

2014-இல் ஒன்பதாம் இடத்துக்கு வரும் அளவுக்கு அணி ஏன் தோற்றது? அதற்கு முந்தைய கோடையில் ஜாஷ் ஸ்மித்துக்கு நான்கு ஆண்டுக்கு 5 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தார்கள். ஆண்ட்ரே ட்ரம்மண்ட், கிரெக் மன்ரோ என்ற இரண்டு இளம் பெரிய ஆட்டக்காரர்கள் வளையத்தடியில் ஏற்கெனவே இருந்தார்கள். மூன்றாமவரும் வளையத்தடி ஆட்டக்காரர். இடமில்லாததால் அவர் வெளியே நின்று மூன்று புள்ளி எறிந்தார், நூற்றுக்கு 26 மட்டுமே விழுந்தன. 29 வெற்றி, 53 தோல்வி. அடுத்த சீசனில் 5 வெற்றி, 23 தோல்வி என்ற நிலையில் அவரை விடுவித்தார்கள். உடனே தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் அணி வென்றது. மிச்சச் சம்பளத்தைப் பல ஆண்டுகளாக நீட்டிப் பிரித்ததால், ஆண்டுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் 2019-20 வரை கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. ஸ்மித் திறமையற்றவர் அல்லர், அட்லாண்டாவில் மிக நன்றாக ஆடியவர். ட்ராஃப்டில் எடுத்த இளைஞர்களுக்கு எது இல்லையோ அதைக் கொண்டுவருபவராக அவர் இல்லை. மூத்தவரை எடுக்கும்போது அவருடைய பழைய புள்ளிவிவரத்தைப் பார்ப்பதைவிட, நம் இளைஞர்களிடம் உள்ள ஓட்டையைப் பார்ப்பது முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஹூஸ்டன் இதைச் சரியாகச் செய்த இன்னோர் அணி. மூன்று சீசன்களில் 17, 20, 22 வெற்றிகள். கையில் ஜேலன் கிரீன், அல்பெரென் ஷென்குன், ஜபாரி ஸ்மித் ஜூனியர் என இளைஞர்கள். 2024-இன் சொந்த முதல் சுற்றுத் தேர்வு முதல் நான்கு இடங்களுக்குள் வராவிட்டால் ஓக்லஹோமா சிட்டிக்குப் போய்விடும் என்ற நிலை. மேலும் தோற்பதில் பயன் குறைவு. 2023-இல் இமே உடோகாவைப் பயிற்சியாளராக்கி, ஃப்ரெட் வான்வ்லீட்டுக்கு மூன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 13 கோடி டாலர் கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டு அணியின் விருப்பம். ஆண்டுக்குக் கொடுத்தது மிக அதிகம், உறுதி செய்தது இரண்டே ஆண்டு. தடுப்பாட்டத்துக்கு டில்லன் புரூக்ஸ் வந்தார். 22 வெற்றி 41 ஆனது, அடுத்த சீசனில் 52 ஆனது. நலிந்த அணி மூத்தவருக்குத் தொகையில் தாராளமாகவும் ஆண்டுகளில் கஞ்சத்தனமாகவும் இருக்க வேண்டும். கார்டனுக்கும் வில்லநுவேவாவுக்கும் நடந்தது இதற்கு நேர் எதிர்.

ஓக்லஹோமா சிட்டி 2025-இல் சாம்பியன் ஆனதைக் காட்டி, அவர்கள் தோற்றுத்தானே எழுந்தார்கள் என்று கேட்கலாம். இரண்டு சீசன்கள் தோற்றது உண்மை, செட் ஹோம்கிரென் இரண்டாம் இடத்தில் கிடைத்ததும் உண்மை. ஆனால் ஷே கில்ஜியஸ் அலெக்ஸாண்டரும், ஜேலன் வில்லியம்ஸை எடுத்த 12-ஆம் இடத் தேர்வும் 2019-இல் பால் ஜார்ஜைக் கொடுத்த வர்த்தகத்தில் வந்தவை. அதோடு 57 ஆட்டங்களில் வென்ற பிறகும் அவர்கள் மூத்தவர்களைத் தேடினார்கள். 2024-இல் ரீபவுண்டுக்கும் ஸ்கிரீனுக்கும் ஐசையா ஹார்டென்ஸ்டைன், தடுப்பாட்டத்துக்கு அலெக்ஸ் கரூசோ. வெற்றி 68 ஆனது.

டெட்ராய்ட் 2025 கோடையில் செய்ததும் இதே கணக்குதான். பீஸ்லி, ஹார்டவே, ஷ்ரூடர் மூவரும் போனார்கள். எறிபவர் இடத்துக்கு டங்கன் ராபின்சன், மாற்றுப் பந்து நடத்துநர் இடத்துக்கு கரிஸ் லெவர்ட். பெயர்கள் மாறின, வேலைகள் மாறவில்லை. கனிங்ஹாமின் பெரிய சம்பளம் தொடங்கிவிட்டதால் யாருக்கும் நீண்ட ஒப்பந்தம் உறுதியாகக் கொடுக்கவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஜூன் இறுதியிலும் ட்ராஃப்ட் முடிந்த சில நாட்களிலேயே ஃப்ரீ ஏஜென்ட் (பழைய ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்) ஒப்பந்தங்கள் தொடங்குகின்றன. முதல் ஐந்து இடங்களில் யார் என்ற பட்டியலைப் படத்தோடு போடுகிறீர்கள். அடுத்த வாரம் வரும் மூத்தவர்களின் ஒப்பந்தங்களை ஒற்றை வரியில், மொத்தத் தொகையை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறீர்கள். அந்த வரியோடு ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, அதில் எத்தனை ஆண்டு உறுதி, அதே அணியின் இளம் ஆட்டக்காரரின் ரூக்கி ஒப்பந்தம் எந்தச் சீசனில் முடிகிறது என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து வெளியிடுங்கள். நான்கு செல்கள் கொண்ட சிறு அட்டவணை போதும். அணி எழுமா என்பதை அக்டோபரில் முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே வாசகர்கள் தாங்களாகக் கணித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் கூடைப்பந்து வாசகர்